முழங்கால் உறை எதைக் காக்கும், எதைக் காக்காது

2022 ஜூலை 14. இங்கிலாந்தில் மகளிர் யூரோ கால்பந்து. பெல்ஜியத்துடனான ஆட்டத்தின் முதல் பாதியிலேயே பிரான்சின் முன்கள வீராங்கனை மரி ஆந்துவனெத் கட்டோட்டோ காயத்துடன் வெளியேறினார். முழங்காலுக்குள் இருக்கும் ஏ.சி.எல். தசைநார் அறுந்திருந்தது. அடுத்த ஆண்டின் உலகக் கோப்பையும் அவருக்குக் கைநழுவியது.

இப்படிச் செய்தி வந்தால், பிள்ளையை விளையாட அனுப்பும் பெற்றோர் முதலில் தேடுவது முழங்கால் உறையைத்தான். அதில் ஒரு குழப்பம் உண்டு: ஒரே பெயரில் வெவ்வேறு பொருள்கள். கட்டோட்டோவின் நாட்டு மொழியான பிரெஞ்சில் ஜெனூ என்றால் முழங்கால். வாலிபால்காரர் அணியும் மெத்தைப் பட்டை, மருந்துக்கடையில் விற்கும் எலாஸ்டிக் உறை, கீல் வைத்த பிரேஸ் மூன்றையும் அங்கே ஜெனுயேர் என்றே சொல்வார்கள். நம் ஊர்க் கடையில் 'நீ கேப்' கேட்டாலும் கிட்டத்தட்ட இதே கதைதான்.

மெத்தைப் பட்டை, தரையில் பாய்ந்து விழும்போது முழங்கால் சில்லில் படும் அடியை வாங்கிக்கொள்ளும். எலாஸ்டிக் உறை இதமான சூடும் லேசான அழுத்தமும் தரும்; அவ்வளவுதான். பிரேஸ் பெரும்பாலும் காயத்துக்குப் பின் மருத்துவர் சொல்லி அணிவது.

ஏ.சி.எல். இருப்பதோ மூட்டின் நடுவில். தொடை எலும்பிலிருந்து கீழ்க்கால் எலும்புக்குச் சாய்வாக இறங்கி, கீழ்க்கால் முன்னால் நழுவாமல் பிடித்து நிறுத்துகிறது. பெரும்பாலும் அது அறுவது யாரும் மோதி அல்ல. குதித்து இறங்கும்போதோ, ஓட்டத்தில் சட்டென்று திரும்பும்போதோ பாதம் தரையில் ஊன்றி நிற்க, முழங்கால் உள்பக்கம் மடங்க, உடல் வேறு திசையில் சுழல்கிறது. அந்த நொடியில் தோலின் மேல் இறுக்கிய துணி, உள்ளே நழுவும் எலும்பை எப்படிப் பிடிக்கும்?

காப்பது பயிற்சி. ஸ்வீடனில் 12 முதல் 17 வயது வரையிலான 4,500க்கும் மேற்பட்ட கால்பந்துச் சிறுமிகளிடம் நடத்திய ஆய்வு 2012இல் வெளியானது. வாரம் இருமுறை, 15 நிமிட வார்ம் அப்: ஒற்றைக்காலில் உட்கார்ந்து எழுவது, இடுப்பைத் தூக்குவது, சரியாகக் குதித்து இறங்குவது போன்றவை. அதைச் செய்த அணிகளில் ஏ.சி.எல். காயம் 64 சதவீதம் குறைந்தது. இந்தக் காயம் ஆண்களைவிடப் பெண்களுக்கே அதிகம் என்பதால், பெண்கள் அணிகளின் பயிற்சியாளர்கள் இந்த 15 நிமிடத்தை எந்த வாரமும் விட்டுவிடக் கூடாது.

உறை வாங்குவதில் தவறில்லை. வாங்கிய கையோடு, பிள்ளையைக் குதிக்கச் சொல்லி நேர் எதிரே நின்று பாருங்கள். இறங்கும்போது இரண்டு முழங்கால்களும் ஒன்றையொன்று நோக்கிச் சாய்ந்தால், பயிற்சியாளரிடம் அன்றைக்கே சொல்லுங்கள்.