துறைமுகத்தில் மூன்று நாள்: சில ஆட்சேபங்கள்

நண்பர் ஒருவர் ஒரு பயணக் கட்டுரையை என் மேஜைமேல் போட்டு, 'படித்துப் பாரும், நம்மவர்களுக்கும் கடலை எழுத வந்துவிட்டது' என்றார். படித்தேன். எழுதியவர் கவிஞர், நம் பத்திரிகைகளில் எழுதியவர்தான். பெயர் சொல்லப்போவதில்லை. இது ஒரு ஆளின் கோளாறு அல்ல. கொச்சியிலிருந்து சொகுசுக் கப்பல் ஏற வேண்டியவர், மூன்று நாள் முன்பாகவே அங்கே போய்விடுகிறார். அந்த மூன்று நாள்தான் கட்டுரை. கப்பல் கடைசிப் பாராவில் வருகிறது. வந்ததும் கட்டுரை முடிந்துவிடுகிறது. பயணத்தை விட்டுவிட்டுப் பயணத்துக்கு முந்திய காத்திருப்பை எழுதுவது நல்ல யோசனை என்பதை முதலில் ஒப்புக்கொண்டு விடுகிறேன். ஒப்புக்கொள்ள வேறு ஒன்றும் இல்லை.

மூன்று நாளில் அவர் கண்டவை: ஃபோர்ட் கொச்சியின் சீன வலைகள், மட்டாஞ்சேரியில் மிளகு வாசனை, யூதத் தெருவின் மணிக்கூண்டு, மழையில் நனைந்த ஒரு பூனை, மூன்று அஸ்தமனங்கள். நாளுக்கு ஒன்று. எல்லாவற்றின் மேலும் லேசான சோகம், அல்வாத் துண்டின் மேல் நெய் மினுங்குவதுபோல. காத்திருப்பதே இருப்பின் சாரம் என்ற ரீதியில் ஒரு தத்துவமும் உண்டு. இவர் காத்திருந்தது விடுதியில். டிக்கெட் பையில் இருந்தது. கப்பல் புறப்படும் மணி அதில் அச்சடித்திருந்தது. இதற்குப் பெயர் காத்திருப்பு அல்ல, விடுமுறை. விடுமுறையில் எனக்கு ஆட்சேபம் ஒன்றும் இல்லை. அதற்கு இருத்தலியல் சட்டை மாட்டிவிடுவதில்தான்.

கொச்சியின் கப்பல் முனையம் வில்லிங்டன் தீவில் இருக்கிறது. சாகரிகா என்று பெயர், 2021-ல் திறந்தார்கள். அங்கிருந்து ஃபோர்ட் கொச்சிக்கு டாக்ஸியில் போனதாக எழுதுகிறார். அப்படியானால் பாலம் தாண்டித் தோப்பும்படி வழியாகத்தான் போயிருப்பார். சாலை அப்படி. தோப்பும்படியில் மீன்பிடித் துறைமுகம் இருக்கிறது. அதில் கட்டிக் கிடக்கும் தூண்டில், வலைப் படகுகளில் பெரும்பகுதி எங்கள் மாவட்டத்துக்காரர்களுடையது. நீரோடி, மார்த்தாண்டன்துறை, வள்ளவிளை, இரவிபுத்தன்துறை, சின்னத்துறை, தூத்தூர், பூத்துறை, இரயுமன்துறை. நெய்யாற்றின்கரைப் பக்கத்து எல்லையிலிருந்து தேங்காய்ப்பட்டணம் பொழிமுகம் வரை வரிசையாக எட்டு ஊர். சுறாவுக்கும் சூரைக்கும் அரபிக் கடலின் நடுவரை போகிறவர்கள். குழித்துறையில் ரயில் ஏறி எர்ணாகுளத்தில் இறங்கி, தோப்பும்படியில் காத்துக்கிடந்துதான் தங்கலுக்குப் போகிறார்கள். ஒரு தங்கல் ஒரு மாதம். அதற்கு மேலும் ஆகும்.

காத்துக்கிடப்பது எதற்கு? இஞ்சின் வேலை முடியவில்லை. ஐஸ் ஏறவில்லை. டீசலுக்குப் பணம் தர வேண்டிய தரகர் நாளைக்கு என்கிறார். ஒரு ஆள் குறைகிறது. காற்று சரியில்லை. இவற்றில் ஒவ்வொன்றுக்கும் ஒரு விலை உண்டு. காத்துக்கிடக்கும் நாளின் சாப்பாட்டுச் செலவும் படகின் கணக்கில்தான் ஏறும். கணக்கில் ஏறியது பங்கு பிரிக்குமுன் கழியும். ஆக, அந்த மூன்று நாளும் அவர்கள் காசு கொடுத்துக் காத்திருக்கிறார்கள். நம் கவிஞரும் காசு கொடுத்துத்தான் காத்திருந்தார். அவர் வாங்கியது மூன்று நாள். இவர்கள் இழந்தது மூன்று நாள். இரண்டுக்கும் ஒரே சொல்லை எழுதுகிறவனுக்குச் சொல்லின் மேல் மரியாதை இல்லை என்றுதான் நான் நினைக்கிறேன்.

இந்தக் காத்திருப்பின் மறுமுனை எனக்குத் தெரியும், ஏனென்றால் அது என் கவுண்டருக்கு வருகிறது. தேங்காய்ப்பட்டணத்திலிருந்து அதிகத் தூரமில்லாத ஒரு கிளையில் நான் குமாஸ்தா. காலை பத்தரைக்கு நகைக் கடன் வரிசை நிற்கும். நிற்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள். கொச்சியில் படகு கிடக்கிறது என்பதை வரிசையின் நீளத்தைக் கொண்டே சொல்லிவிடலாம். மேற்குக் கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை 61 நாள் மீன்பிடித் தடை; தடை முடியும் வாரத்தில் மதியச் சாப்பாட்டுக்கு எழுந்திருக்க முடியாது. ஒரே வளையலை நான்கு முறை எடை போட்டிருக்கிறேன். மதிப்பீட்டாளர் அதை உரைகல்லில் தேய்ப்பதுகூட இல்லை, பார்த்ததும் அடையாளம் கண்டுவிடுகிறார். நான் எழுதுவது எடையும் தொகையும்தான். 'காரணம்' என்ற கட்டத்தில் 'குடும்பச் செலவு' என்று எழுதச் சொல்லி உத்தரவு. ஐஸ், டீசல் என்று எழுதினால் அது வேறு வகைக் கடனாகிவிடும்.

2017 நவம்பர் 30-ல் ஒக்கி புயல் வந்தபோது, அதற்குப் பல நாள் முன்பே புறப்பட்டுப்போன படகுகளுக்கு எச்சரிக்கை எட்டவில்லை. எங்கள் மாவட்டத்தில் நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் திரும்பவில்லை. பலருக்கு உடல் கிடைக்கவில்லை. ஏழு வருஷம் தகவல் இல்லாதவரைத்தான் இறந்ததாகக் கொள்ளலாம் என்பது அன்றைய சாட்சியச் சட்டத்தின் பொது விதி. அரசாங்கம் பிறகு தனி ஏற்பாடு செய்தது. ஆனால் அதற்கு முந்திய வாரங்களில், அடகுச் சீட்டோடு வந்து நின்ற பெண்ணிடம் 'கையெழுத்துப் போட்டவர் வர வேண்டும்' என்று சொன்னவர்களில் நானும் ஒருவன். அவள் ஒன்றும் சொல்லவில்லை. சீட்டை மடித்து வைத்துக்கொண்டு அப்புறம் வருகிறேன் என்றாள். காத்திருப்பு பற்றிய கட்டுரையை நான் படிக்கும்போது இதையெல்லாம் மறந்துவிட்டுப் படிக்க வேண்டுமென்றால், அப்படிப்பட்ட ரசனை எனக்கு இல்லை.

தேங்காய்ப்பட்டணம் என்றதும் தோப்பில் முகமது மீரான் ஞாபகம் வரும். 1988-ல் 'ஒரு கடலோர கிராமத்தின் கதை' வந்தது, 1997-ல் 'சாய்வு நாற்காலி'க்கு சாகித்திய அக்காதெமி, 2019-ல் காலமானார். அவர் உலகத்தில் நிற்கிறவர்களுக்குக் கடலைப் பார்த்துக்கொண்டு நிற்க நேரமில்லை. இதைக் குறை என்று ஒரு நண்பர் எழுதினார். எனக்கு அதுதான் அத்தாட்சி. பழைய கல்பள்ளியை மாலிக் இப்னு தீனார் கட்டியதாகச் சொல்லும் ஊர் இது. அந்த ஊர்க்காரன் கடலில் அழகைத் தேடுவதில்லை, கப்பலைத் தேடுவான்.

கிளைக்குப் பென்ஷன் வாங்க வரும் பெரியவர் ஒருவர் சொன்னார்: 'எனக்க வாப்பா ஹஜ்ஜுக்குப் போகச்சில பம்பாயில பதினோரு நாளு கெடந்தாரு.' அப்போதெல்லாம் பம்பாயிலிருந்து ஜித்தாவுக்குக் கப்பல். கடைசியாக ஓடியது எம்.வி. அக்பரி, 1995-ல் அதுவும் நின்றது. கப்பலுக்குக் காத்திருக்கும் ஹாஜிகள் கிராஃபோர்டு மார்க்கெட் பக்கம் சாபு சித்திக் முசாஃபிர்கானாவில் தங்குவார்கள். ஆயுளில் ஒரே ஒரு முறை பார்த்த மாநகரம். பதினோரு நாளில் அதைப்பற்றி வாப்பா என்ன சொன்னார் என்று கேட்டேன், பேராசையோடு. பெரியவர் யோசித்துவிட்டு, 'தண்ணிக்கு வரிசை. பெட்டிச் சாவி தொலைஞ்சு போச்சு. வேற ஒண்ணும் சொன்னதில்ல' என்றார்.

சாவி தொலைந்த பெட்டியில் இஹ்ராம் துணியும் கடன் வாங்கிய பணமும் இருந்திருக்கும். கேட்டவனுக்குத்தான் பம்பாய் வேண்டியிருந்தது. இதேபோல மண்டபம் முகாமை எடுத்துக்கொள்ளுங்கள். இலங்கைத் தோட்டங்களுக்குப் போன கூலிகளை, தனுஷ்கோடியில் கப்பலேற்றுமுன் நோய்த் தடுப்புக்காக அடைத்து வைத்த இடம். 1980களில் அதே இடம் அங்கிருந்து வந்தவர்களுக்கு அகதி முகாமாயிற்று. கப்பலுக்கு முந்திய சில நாள் என்று தமிழில் எழுத வேண்டுமானால் நம் பூர்வீகச் சொத்து இதுதான். இதில் எத்தனை பக்கம் எழுதியிருக்கிறோம்?

இங்கே நம் வட்டத்தில் உடனே போதலேரை எடுத்துக்கொண்டு வருவார்கள். வரட்டும். துறைமுகத்தைப் பற்றி அவருடைய வசன கவிதை ஒன்று இருக்கிறது. வாழ்க்கைப் போராட்டத்தில் களைத்த மனதுக்குத் துறைமுகம் இனிய இருப்பிடம் என்று ஆரம்பித்து, ஆவலும் ஆசையும் தீர்ந்துபோனவன் போகிறவர்களையும் வருகிறவர்களையும் வேடிக்கை பார்ப்பதில் ஒரு பிரபுத்துவ இன்பம் உண்டு என்று முடிக்கிறார். பிரபுத்துவம் என்பது அவரே போட்டுக்கொண்ட முத்திரை. தான் எந்தத் திண்ணையில் உட்கார்ந்து பார்க்கிறேன் என்பதை அவர் ஒளிக்கவில்லை. நம்மவர்கள் அந்தத் திண்ணையை மட்டும் இரவல் வாங்கிக்கொண்டு, கேட்டால் தரையில் உட்கார்ந்திருக்கிறேன் என்கிறார்கள்.

கல்லூரியில் ஆங்கில இலக்கியம் படித்த பாவத்துக்கு கான்ராடையும் சொல்லிவிடுகிறேன். 1888-ல் பாங்காக்கில் 'ஒட்டாகோ' கப்பலின் பொறுப்பை ஏற்றவர் அவர். அந்த அனுபவத்திலிருந்து வந்தது 1917-ல் வெளியான 'ஷாடோ லைன்'. துறைமுகத்தில் நாள்கணக்காகக் கப்பல் கிடக்கிறது. ஏன்? மாலுமிகளுக்குக் காய்ச்சல், வியாபாரக் காகிதங்கள் முடியவில்லை. மருந்துப் பெட்டியில் கொய்னா இருக்கிறது என்ற தைரியத்தில் புறப்படுகிறார்கள். நடுக்கடலில் திறந்தால் புட்டியில் இருப்பது கொய்னா அல்ல. அந்த நாவலின் பயங்கரம் முழுவதும் ஒரு புட்டிக்குள் என்ன இருந்தது என்ற ஸ்தூலமான தகவலில் நிற்கிறது. துறைமுகத்தில் கிடந்த நாட்களில் அவர் அஸ்தமனம் பார்க்காமலா இருந்திருப்பார்? அவருக்கு அதோடு வேறு வேலையும் இருந்தது.

வெளியே போக வேண்டாம் என்பவர்களுக்குப் பட்டினப்பாலை இருக்கிறது. துறைமுகப் பட்டினத்தில் புறப்பாட்டுக்கு முன் நிற்கும் மனிதனைப் பற்றித் தமிழில் இதைவிடப் பெரிய கவிதை இல்லை. 301 அடி. இந்தப் பட்டினமே கிடைப்பதானாலும் இவளைப் பிரிந்து வரமாட்டேன் என்று நெஞ்சுக்குச் சொல்கிறான். அகம் என்று இருப்பது சில அடிகள்தான். மிச்சமெல்லாம் காவிரிப்பூம்பட்டினமும் கரிகாலனும். குதிரை வருகிறது, மிளகு மூட்டை வருகிறது, ஈழத்துப் பண்டமும் கடாரத்துப் பண்டமும் வந்து குவிகின்றன. சுங்க அலுவலர்கள் புலி முத்திரை குத்துகிறார்கள். குமாஸ்தாக்களைக் கவிதைக்குள் விட்டிருக்கிறார் உருத்திரங்கண்ணனார். (இதற்குக் கரிகாலன் பதினாறு லட்சம் பொன் கொடுத்ததாக மரபு. நம் பத்திரிகையின் பிரதிக் கணக்கு ஆசிரியருக்குத் தெரியும்.) பௌர்ணமியன்று கடலுக்குப் போகாத பரதவர்கள் சுறாக் கொம்பை நட்டுக் கும்பிட்டுக் குடிப்பதும் அதில் இருக்கிறது. எது எவ்வளவு, யார் கையில், எந்த முத்திரையோடு என்று தெரிந்த பிறகுதான் 'போகமாட்டேன்' என்ற சொல்லுக்குக் கனம் வருகிறது. எதை வேண்டாமென்கிறான் என்று நமக்குத் தெரிந்துவிட்டது. கட்டுரைக் கவிஞரின் மூன்று நாளில் இப்படி வேண்டாமென்று சொல்ல ஒன்றும் இல்லை, வேண்டுமென்று சொல்லவும் இல்லை.

'அப்படியானால் ஐஸ் விலைப் பட்டியலைக் கவிதை என்கிறீரா? முற்போக்குக் கூடாரத்துக்கு எப்போது போனீர்?' என்று கேட்பார்கள். போகவில்லை. அங்கே மீனவன் எப்போதும் முஷ்டியை உயர்த்திக்கொண்டு நிற்கிறான். அவனும் படகுக்குக் காத்திருப்பவன் இல்லை, மேடைக்குக் காத்திருப்பவன். நான் சொல்வது கட்சி விஷயமல்ல, பார்வை பற்றியது. எதற்காக நிற்கிறான் என்று தெரியாமல் நிற்கிறவனை எழுத முடியாது. தெரிந்தால் மட்டும் கவிதை வந்துவிடாது என்பதும் எனக்குத் தெரியும். தெரியாதபோது வருவது என்ன என்பதற்கு வேறு ஆளைத் தேட வேண்டியதில்லை. நானே உதாரணம்.

சில வருஷங்களுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை தேங்காய்ப்பட்டணம் போனேன். தாமிரபரணி கடலோடு சேரும் இடத்தில், துறைமுக முகத்துவாரத்தின் உட்பக்கம் நான்கைந்து படகுகள் கடலைப் பார்த்தபடி நின்றன. இஞ்சின் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது, நகரவில்லை. வீட்டுக்கு வந்து எட்டு வரி எழுதினேன். 'தயங்கும் படகுகள்' என்று ஆரம்பம். ஒரு சிற்றிதழில் வந்தது. இரண்டு பேர் கடிதம் எழுதினார்கள். அந்த இதழ் என் மேஜையில் கிடந்தபோது, வட்டி கட்ட வந்த ஒருவர், வயது ஐம்பது இருக்கும், இரயுமன்துறைக்காரர், எடுத்து நின்றபடியே படித்தார். சிரிக்கவில்லை. மிகவும் பொறுமையாகச் சொன்னார்: 'சாரே, போட்டு தயங்காது. பொழியில மண்ணு கெடக்கு. வெள்ளம் ஏறணும். ஏறாம எறங்கினா தட்டும், கவுந்துரும்.' பிறகு ரசீதை வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, அங்கே அப்படிக் கவிழ்ந்து போன ஒரு உறவுக்காரரின் பெயரைச் சொன்னார்.

அந்த வாயிலில் மணல் மேடிட்டுப் படகு கவிழ்ந்து செத்தவர்கள் ஒருவர் இருவர் அல்ல. சரி செய்யச் சொல்லி எத்தனையோ முறை போராடியிருக்கிறார்கள். அதெல்லாம் நான் செய்தித்தாளில் படித்த விஷயம்தான். படித்தவன்தான் 'தயங்கும்' என்று எழுதினேன். அது அழகான சொல். அதன் தப்பு தகவல் தப்பு மட்டுமல்ல. அந்தப் படகுகளில் இருந்தவர்கள் ஏற்றத்தைக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்த நேரத்தில், அவர்களிடம் இல்லாத ஒரு மனநிலையை, என்னிடம் மிச்சமிருந்ததை, ஏற்றி அனுப்பியிருக்கிறேன்.

இந்த மாதம் ஒரு தொகுப்புக்காக அந்தக் கவிதையைக் கேட்டிருந்தார்கள். 'தயங்கும்' என்பதை எடுத்துவிட்டு 'நிற்கும்' என்று போட்டுப் பார்த்தேன். மற்ற ஏழு வரியும் அந்த ஒரு சொல்லின் மேல்தான் உட்கார்ந்திருந்தன. சேர்க்க வேண்டாம் என்று கார்டு போட்டுவிட்டேன்.