விடிவெள்ளியும் வேவு விமானமும்

இரவு வானில் இனந்தெரியாத ஒளி தென்பட்டால் ராணுவம் யாரை முதலில் கேட்க வேண்டும் என்பதற்கு லடாக் எல்லையில் நடந்த விசாரணையிலேயே விடை இருக்கிறது. பாங்கோங் ஏரியை ஒட்டிக் காவலிருந்த வீரர்கள் 2012 ஆகஸ்ட் முதல் 2013 பிப்ரவரி வரை 329 முறை ஒளிப்பொருள்களைக் கண்டதாகப் பதிவு செய்தனர். அவற்றுள் 155, உண்மைக் கட்டுப்பாட்டுக் கோட்டை, அதாவது எல்லை முடிவாகாத நிலையில் இந்திய, சீனப் படைகளின் பிடியிலுள்ள நிலங்களைப் பிரிக்கும் கோட்டை, மீறியவையாகக் கணக்கில் ஏறின. சீனாவின் ஆளில்லா வேவு விமானங்களாக இருக்கலாம் என்ற ஐயம் வலுத்தது.

ஒளி தோன்றிய நேரத்தையும், அது நின்ற திசையையும், அடிவானத்திலிருந்து அது எத்தனை பாகை உயர்ந்திருந்தது என்னும் ஏற்றக்கோணத்தையும் கோள்களின் நிலையோடு ஒப்பிட்ட பெங்களூரு இந்திய வானியற்பியல் நிறுவனத்தார், வீரர்கள் கண்ட ஒளிகளுள் ஒன்று வியாழன், மற்றொன்று வெள்ளி என்று கண்டறிந்தனர். அந்தக் குளிர்காலத்தில் வியாழன் பூமிக்கு நெருங்கி மாலையிலேயே கிழக்கே எழுந்தது. வெள்ளியோ விடியலுக்கு முன் எழுந்தது.

பழனி மலைக்கு வடக்கே உள்ள கீரனூர்ப் பக்கம் மும்முனை மின்சாரம் வரும் நேரம் பார்த்து, பின்னிரவில் கிணற்று மோட்டாரைப் போடப் போகும் விவசாயிக்கு விடிவெள்ளியைத் தெரியாதா என்று எள்ளி நகைப்பது எளிது. ஆனால் அது நியாயமாகாது. பதினாலாயிரம் அடி உயரத்தில், மெல்லிய, வறண்ட காற்றினூடே கோள்கள் சமவெளியில் காண்பதைவிடப் பளிச்சென்று தெரியும். எதிரியின் விமானத்தை எதிர்பார்த்து விழித்திருப்பவர் கண்ணுக்கு அது விமானமாகவே படும். வீரர்கள் கண்டதைக் கண்டபடி குறித்து வைத்ததும், படைத்தலைமை வானியலாளரை நாடியதும் பாராட்டத்தக்கவை. நூற்றுக்கணக்கான பதிவுகள் குவியும் வரை புதிர் நீடித்ததே குறை. அந்தக் கணக்கு முடிந்த இரண்டே மாதங்களில், 2013 ஏப்ரலில், அதே லடாக் எல்லையில் உள்ள தெப்சாங் சமவெளியில் சீனப் படையினர் கூடாரமடித்து மூன்று வாரம் நின்றனர் என்பதை நினைத்தால், அத்தகைய பதற்றத்தின் நடுவே வெள்ளிக்கோளை ஊடுருவலாக எண்ணுவது எவ்வளவு ஆபத்தானது என்பது விளங்கும்.

ஆகவே எல்லைக் காவல்நிலை ஒவ்வொன்றிலும் அன்றாடக் கோள்நிலை அட்டவணை இருக்க வேண்டும். விளங்காத ஒளி பற்றிய குறிப்பு அன்றிரவே வானியலாளர் பார்வைக்குப் போக வேண்டும். இதற்குப் புதிய அமைப்பு எதுவும் தேவையில்லை. லடாக்கின் ஹான்லேயிலேயே இந்திய வானியற்பியல் நிறுவனத்தின் தொலைநோக்கி இருக்கிறது. கீரனூருக்குத் தெற்கே பழனி மலைமேல், 1899-இல் நிறுவப்பட்ட கொடைக்கானல் சூரிய ஆய்வகமும் இதைச் சேர்ந்ததே.

முடிவுகளை மக்களுக்கு அறிவிப்பதும் விசாரணையின் பகுதியே. 2023 நவம்பர் 19 அன்று, பகலில், இம்பால் விமான நிலையத்தின் மேல் ஏதோ பறந்ததாகக் கூறி விமானப் போக்குவரத்து சில மணி நேரம் நிறுத்தப்பட்டபோது, வான்பாதுகாப்பு நடவடிக்கை முடுக்கிவிடப்பட்டதாகவும், அந்தச் சிறிய பொருள் அதன்பின் தென்படவில்லை என்றும் விமானப்படையின் கிழக்குப் பிரிவு அறிவித்தது. பயணிகளைக் காக்க வைத்த ஒரு நிகழ்வுக்கு அந்த ஒரு வரி போதாது. படை ரகசியங்களை விலக்கிவிட்டு, ஆராய்ந்ததையும் கண்டதையும் அரசு வெளியிட வேண்டும்.