கொடுப்போர்க்குக் கைம்மாறு யாது?

பழைய மாணவர் ஒன்றுகூடுமிடத்து நிதியைப் பற்றிய பேச்சு எழாதிருத்தல் அரிது. இவ்விழாக் காலத்தில் நூலக மண்டபத்துக்குப் பொருள் திரட்டும் பேச்சு நம்மிடையே எழுந்துள்ளது. கொடுப்போரைப் பிளாட்டினம், பொன், வெள்ளி என மூவகைப்படுத்தி, வகைக்கேற்பப் பெரிதும் சிறிதுமாகப் பெயர்ப்பலகை பொறித்தல் வேண்டும் என்பது அன்பர் சிலரின் கருத்து. அதற்கு யான் உடன்படுகிலேன்.

கைம்மாறு கருதாது கொடுப்பதே கொடை என்பாரும் உளர். கேட்டற்கு இனிய சொல். ஆயின் அதனை நம்பிக் கட்டடம் எழுப்புதல் இயலாது. நம் முன்னோர் இதனை நன்கறிந்திருந்தனர். கோயில் திருவிழாவிலே நாளொன்றுக்கு ஓர் உபயகாரர்; அந்நாளின் செலவும் அவரது, காளாஞ்சியும் அவரது. அவர் பெறுவது முன்னின்று நடத்துவதற்கு ஒரு நாள். அயலான் எவ்வளவு கொடுத்தான் என்னும் கணக்கு அங்கே பின்னுக்குப் போய்விடுகின்றது. (மின்குழல் விளக்கின் மேல் உபயகாரர் பெயரை எழுதி வெளிச்சத்தை மறைத்தல் பிற்காலத்தார் கண்ட புதுமை.)

நூற் பதிப்பிலும் இம்முறை இருந்தது. 1887ஆம் ஆண்டிற் சீவகசிந்தாமணியை வெளியிட்ட உ. வே. சாமிநாதையர், நூல் அச்சேறுமுன்னரே பலரிடம் கையொப்பம் பெற்று அத்துணையாலே பணியை நடத்தினார். கையொப்பமிட்டோர்க்குக் கிடைத்த பரிசு வேறொன்றன்று, அந்நூலே.

இக்காலத்தார் இதனைத் திரள்நிதி என்பர். இணையத்தின் வழியே முன்பின் அறியாதாரிடமும் பொருள் கேட்கின்றனர். 2009இல் அமெரிக்காவிலே தொடங்கிய கிக்ஸ்டாட்டர் என்னும் தளம் ஒரு விதி செய்தது: குறித்த நாளுக்குள் குறித்த தொகை சேராவிடின் எவரிடமும் ஒரு சதமும் பெறப்படமாட்டாது. கொடுப்போனின் அச்சத்தை நீக்குவதே அவனுக்களிக்கும் முதற் கைம்மாறு என்பதை அவ்விதி வகுத்தோர் உணர்ந்திருந்தனர். அரைகுறையாய் நிற்கும் தூண்களைக் கண்டு பழகிய நமக்கு இதனை விளக்க வேண்டுவதில்லை.

இவற்றினும் நம் நிலைக்கு நெருங்கியது நியூயோர்க் நகரத்துச் சுதந்திரதேவி சிலையின் கதை. பிரான்சிய மக்கள் சிலையை வழங்கினர், பீடத்துக்கோ பணமில்லை. குழுவினர் ஒரு டொலர் தருவோர்க்கு ஆறங்குலச் சிறு சிலையும், ஐந்து டொலர் தருவோர்க்குப் பன்னிரண்டு அங்குலச் சிலையும் விற்றுப் பார்த்தனர். அப்பாலும் குறை நின்றது. 1885இல் யோசேப்பு புலிற்சர் தம் பத்திரிகை வாயிலாக, எவ்வளவு சிறு தொகை தரினும் கொடுத்தவர் பெயரை அச்சிடுவேன் என்றார். ஐந்து மாதங்களில் ஓரிலக்கம் டொலருக்கு மேற் சேர்ந்தது. கொடுத்தோர் ஓரிலக்கத்து இருபதினாயிரவரின் மிக்கார். அவருட் பெரும்பாலார் தந்தது ஒரு டொலரினும் குறைவே. சிறு பொம்மைகளை வார்க்கச் செலவுண்டு; பத்திரிகையில் ஒரு வரி அச்சிடச் செலவு சிறிதே. ஆயினும் அவ்வரியைக் காணும் சிறுவனுக்கு அஃது எத்துணைப் பெரிது!

பெருந்தொகை தருவோரைச் சிறு எழுத்துக் கவராது என்பர். அது மெய்யே, அவர்க்கு வேறு மதிப்பு உண்டு. ஹாவர்ட் பல்கலைக்கழகத் தமிழ் இருக்கைக்கு அறுபது இலக்கம் டொலர் வேண்டியிருந்தது. மருத்துவர் ஜானகிராமனும் மருத்துவர் சம்பந்தமும் தலைக்கு ஐந்திலக்கம் டொலர் முதலிலே வைத்தனர். பின்பு உலகெங்குமுள்ள தமிழர் கொடுத்தனர். 2017இல் தமிழ்நாட்டரசு பத்துக் கோடி ரூபா வழங்கியது. 2018இல் தொகை நிறைந்தது. முதலில் கொடுத்தவர் பிறர்க்குத் துணிவு தந்தார். நம் செல்வர்க்கும் யான் சொல்வது இதுவே: நூறு பேர் சேர்ந்து ஓரிலக்கம் தந்தால் யானும் ஓரிலக்கம் தருவேன் என்று அறிவியுங்கள். அவ்வறிவிப்பே உங்கள் பலகை.

பொன் வெள்ளிப் பாகுபாட்டை யான் மறுப்பதற்கு முதற் காரணம் மாணவர். கலஹா, தெல்தோட்டை, ஹந்தானைத் தோட்டங்களிலிருந்து மழையில் நனைந்து வரும் பிள்ளைகள் நம் வகுப்புகளில் இருக்கின்றனர். கொழுந்து பறிக்கும் தாய் தன் ஒரு நாட் சம்பளத்தை அப்படியே தந்தாலும் அவள் பெயர் வெள்ளிப் பலகையிலும் ஏறாது. அவள் மகனோ அப்பலகையின் கீழமர்ந்தே ஏழாண்டு படிக்க வேண்டும். யாவரும் சமம் என்று வகுப்பிலே நாம் சொல்வதை அச்சுவர் நாள்தோறும் மறுத்துக்கொண்டிருக்கும்.

ஆதலின் வேண்டுவன சில. பெயர்கள் யாவும் ஒரே அளவான எழுத்தில், தொகை குறியாது, கல்லூரியை விட்ட ஆண்டு வரிசையிற் பொறிக்கப்படுக. அப்பொழுது ஓராண்டினர் தம் வரிசை குறுகியிருத்தல் கண்டு பக்கத்து ஆண்டினரோடு போட்டியிடுவர். அப்போட்டியால் எவர்க்கும் ஊறில்லை. நூலொன்றின் விலையைத் தருவோர் பெயர் அந்நூலின் முதற்பக்கத்தில் எழுதப்படுக. மூன்று மாதத்துக்கொருமுறை வரவு செலவுக் கணக்கு அறிவித்தற் பலகையில் ஒட்டப்படுக. தொகை நிறையவேண்டிய நாளையும், நிறையாவிடிற் பணம் என்னாகும் என்பதையும் பற்றுச்சீட்டிலேயே அச்சிடுக; இவையின்றி முதற் பற்றுச்சீட்டையும் கிழித்தல் கூடாது.