முன்னே செல்பவர் திரும்பிப் பார்க்கட்டும்



அரசுப் பணியிலிருந்து ஓய்வுபெற்ற நம் சபை மூப்பர் ஒருவர், சில வாரங்களுக்கு முன் ஒரு காலைவேளையில் என்னைக் கோல்ஃப் மைதானத்துக்கு அழைத்துச் சென்றார். எனக்கு அந்த ஆட்டம் தெரியாது. அவரும் அவருடைய நண்பரும் ஆட, நான் உடன் நடந்து வருவதாக மட்டும் ஒப்புக்கொண்டேன். தூண்பாறைக்குப் போகும் வழியில், 1895-இல் தொடங்கப்பட்ட அந்தக் கழகத்தின் பதினெட்டுக் குழிகளும் மேடும் சரிவுமான புல்வெளியில் பரவிக் கிடக்கின்றன. மேகம் இறங்கினால் பத்தடிக்கு அப்பால் நிற்பவரைக் காண முடியாது. அன்று மேகம் இல்லை. ஆகவே எங்களுக்கு முன்னால் ஆடிக்கொண்டிருந்த நால்வரையும் நன்றாகவே பார்க்க முடிந்தது. ஏறக்குறைய மூன்று மணி நேரம் பார்த்தோம்.

அவர்கள் விடுமுறைக்கு வந்தவர்கள். ஒவ்வொரு அடிக்கும் முன் நான்கு முறை கோலை வீசிப் பார்த்தார்கள். பந்து புதருக்குள் போனால் நால்வரும் சேர்ந்து தேடினார்கள். இடையிடையே புகைப்படம் எடுத்துக்கொண்டார்கள். அவர்களுக்கு முன்னால் இரண்டு குழிகள் ஆளில்லாமல் கிடந்தன. பின்னால் நாங்களும், எங்களுக்குப் பின்னால் இன்னும் இரண்டு குழுக்களும் நின்றுகொண்டிருந்தோம். ஒருவராவது திரும்பிப் பார்க்கவில்லை.

நடுவே காட்டுமாடுகள் ஏழெட்டு, சோலையிலிருந்து இறங்கிப் புல்வெளியைக் கடந்தன. அவையும் அவசரப்படவில்லை. ஆனால் அவற்றின்மேல் எவருக்கும் கோபம் வரவில்லை என்பதைக் கவனித்தேன்.

நான் போதகன் அல்லவா? வாய் சும்மா இருக்குமா? "ஐயா, கர்த்தர் நமக்குப் பொறுமையைக் கற்றுக்கொடுக்கிறார் போலும்" என்றேன். மூப்பர் என்னை ஒரு கணம் பார்த்தார். "ஐயா, கோபிச்சுக்காதீங்க. பொறுமை எங்களுக்கு இருக்கு. இந்த ஆட்டத்துல அதைப்பற்றின பாடம் முன்னால போறவருக்குத்தான் முதல்ல" என்றார்.

அந்தப் பதில் இத்தனை நாளாக என்னை உறுத்திக்கொண்டிருக்கிறது. அதனால்தான் இவ்வாரச் சிந்தனை இப்படி அமைகிறது.

அவர் விளக்கியது இதுதான். தனக்கு முன்னே செல்லும் குழுவோடு இடைவெளி விழாமல் நடப்பது ஒவ்வொரு குழுவின் கடமை. ஒரு முழுக் குழியளவு பின்தங்கி, பின்னால் வருவோரையும் தாமதப்படுத்தினால், தாங்களே ஒதுங்கி நின்று, கையசைத்து, அவர்களை முந்திப் போகும்படி அழைக்க வேண்டும். இந்த ஆட்டத்தின் மரபு நெடுங்காலமாக வலியுறுத்தி வருவது இது. 2019-இல் விதிகள் திருத்தப்பட்டபோது, காணாமற்போன பந்தைத் தேட அனுமதிக்கப்பட்ட நேரத்தையும் ஐந்து நிமிடத்திலிருந்து மூன்று நிமிடமாகக் குறைத்தார்கள். தவறிப்போன பந்து உன்னுடையது. ஆனால் அதைத் தேடுகிற நேரம் உன்னுடையது மட்டும் அன்று என்பதே இதன் பொருள். முந்தும்படி அழைக்க வேண்டியவர் முன்னிருப்பவர். பின்னிருப்பவர் கெஞ்சும் நிலைக்கு வந்துவிட்டால், ஒழுங்கு அப்போதே கெட்டுவிட்டது.

இப்பொழுது நம் பிரசங்கங்களை எண்ணிப் பாருங்கள். காத்திருத்தலைப் பற்றி நான் எத்தனை முறை பேசியிருக்கிறேன் என்று என் குறிப்பேட்டைப் புரட்டிப் பார்த்தேன். எண்ணுவதைப் பாதியில் நிறுத்திவிட்டேன். வேலைக்குக் காத்திருக்கும் வாலிபருக்கு, வரனுக்குக் காத்திருக்கும் பெண்ணுக்கு, நீதிமன்றத்தில் வழக்கு இழுபட்டுக் கிடக்கும் குடும்பத்துக்கு, எல்லாருக்கும் பொறுமை சொன்னேன். அவர்களுக்கு முன்னால் வழியை மறித்து நின்றவருக்கு ஒரு பிரசங்கமும் செய்யவில்லை. கோப்பின்மேல் உட்கார்ந்திருந்த அதிகாரியும் முன்வரிசையில் அமர்ந்து, பொறுமையைப் பற்றிய அதே பிரசங்கத்தைக் கேட்டு, "ஆசீர்வாதமாயிருந்தது ஐயா" என்று கைகுலுக்கிவிட்டுப் போனார். அந்தக் கைகுலுக்கலில் எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

பின்னால் நிற்பவனிடம் மட்டும் பொறுமையைக் கேட்பது ஆன்மிகம் ஆகாது. அது முன்னால் நிற்பவனுக்குச் செய்யும் ஊழியம்.

இதைக் கடுமையாகச் சொல்லக் காரணம் உண்டு. ஒரு மே மாதத்தில், நம் சபையைச் சேர்ந்த வயதான தாய் ஒருவருக்கு மூச்சுத்திணறல் மிகுந்து, மலையிறக்கிக் கொண்டுபோக வேண்டியதாயிற்று. ஆம்புலன்ஸ் வரும்வரை பொறுக்க முடியாமல், உறவினரின் காரிலேயே புறப்பட்டோம். நானும் உடன் இருந்தேன். பெருமாள்மலையைக் கடந்த சற்று நேரத்திற்குள் ஒரு சுற்றுலா வேனுக்குப் பின்னால் மாட்டிக்கொண்டோம். அதன் ஓட்டுநர் மலைச்சாலைக்குப் புதியவர் என்பது பார்த்தவுடனே தெரிந்தது. ஒவ்வொரு வளைவிலும் ஏறக்குறைய நின்றுவிட்டார். பயந்து மெல்லப் போவதில் ஒரு குற்றமும் இல்லை. வேகமாகப் போயிருந்தால்தான் குற்றம். ஆனால் ஊத்து தொடங்கி டம்டம் பாறை வரைக்கும் ஒதுங்கி நிற்கத்தக்க இடங்களை ஒன்றன்பின் ஒன்றாகக் கடந்துகொண்டே போனார். எங்களுக்குப் பின்னால் வண்டிகள் நீண்டுகொண்டே வந்தன. எங்கள் ஓட்டுநர் விடாமல் ஒலி எழுப்பினார். வேனின் பின்கண்ணாடி வழியே இரண்டு பிள்ளைகள் எங்களைப் பார்த்துச் சிரித்துக் கையாட்டினார்கள்.

அந்த ஒலியை வேன் ஓட்டுநர் ஏன் பொருட்படுத்தவில்லை? காலையிலிருந்து அவருக்குப் பின்னால் வந்த ஒவ்வொரு வண்டியும் அதே ஒலியைத்தான் எழுப்பியிருக்கும். படகுத்துறைக்கு அவசரம், காபிக்கு அவசரம், ஒன்றுமில்லாததற்கும் அவசரம். காரணமில்லாமல் ஒலி எழுப்பியவர்கள் எல்லாருமாகச் சேர்ந்து, காரணத்தோடு எழுப்பிய எங்கள் ஒலியைச் செவிடாக்கிவிட்டார்கள். ஆகையால் பின்னால் நின்று கத்துகிறவர்கள் பக்கம் நான் சாய்கிறேன் என்று எண்ண வேண்டாம். அவர்களுக்கும் இதில் பங்கு உண்டு.

அந்தத் தாயார் பிழைத்தார். இல்லாதிருந்தால் இதை எழுத எனக்கு மனம் வந்திராது.

அதற்குப்பின் ஆண்டுகள் பல ஆயின. மலைக்கு வரும் வண்டிகளின் பெருக்கத்தைக் கண்டு சென்னை உயர் நீதிமன்றமே தலையிட்டது; 2024 மே 7 முதல் இ-பாஸ் கட்டாயமாயிற்று. 2025 கோடைக்கு, கொடைக்கானலில் வார நாள்களில் நாளொன்றுக்கு 4,000 வண்டிகள், வார இறுதியில் 6,000 என்று வரம்பும் வைத்தார்கள். நல்லதுதான். எனினும் நூறே வண்டிகள் வந்தாலும், முதல் வண்டிக்காரர் கண்ணாடியைப் பார்க்காவிட்டால் தொண்ணூற்றொன்பது பேரும் நிற்கவேண்டியதுதான். மலைச்சாலைக்கு ஒரு பழைய விதி உண்டு: அகலம் போதாத இடத்தில், இறங்குகிற வண்டி ஏறுகிற வண்டிக்கு வழிவிட வேண்டும். எவனுக்கு எளிதோ அவன்மேல் கடமையை வைக்கிறது அந்த விதி.

"அப்படியானால், ஐயா, வேகமாகப் போகிறவனுக்கே உலகம் என்கிறீரோ? பலவீனன் ஒதுங்கிச் சாக வேண்டுமோ?" என்று உங்களில் சிலர் கேட்பீர்கள். கேட்க வேண்டிய கேள்வி இது. மெதுவாகச் செல்பவரைப் பழிக்கிற உரிமை இவ்வூரில் எவருக்கும் இல்லை. அமெரிக்க மதுரை மிஷன் ஊழியர்கள் 1845-இல் இங்கே வீடு கட்டிக் குடியேறினார்கள். மோட்டார் சாலை அமையும் வரை பலர் அடிவாரத்துக் கிருஷ்ணமநாயக்கன் தோப்பிலிருந்து நாற்காலிகளில் அமர்ந்து, சுமையாட்களின் தோள்களில்தான் மலையேறினார்கள். சுமந்தவனுடைய மூச்சே பயணத்தின் வேகத்தை முடிவு செய்தது. நம் மிஷன் வரலாறுகளில் அமர்ந்து வந்தவர்களின் பெயர்களைத்தான் காண்கிறோம். சுமந்தவர்களின் பெயர்களைக் காணோம். அதை இன்னொரு வாரம் எழுத வேண்டும்.

வேதத்தில் இதற்கு நேரான ஓர் இடம் உண்டு. ஆதியாகமம் 33-ஐ எடுத்துப் பாருங்கள். நானூறு பேரோடு ஏசா எதிர்கொண்டு வருகிறான், சகோதரர் ஒப்புரவாகிறார்கள், சேர்ந்து போகலாம் வா என்று ஏசா அழைக்கிறான். யாக்கோபோ, பிள்ளைகள் இளையவர்கள், பால் கொடுக்கும் ஆடுமாடுகள் உண்டு, ஒரே நாள் விரட்டினாலும் மந்தை மடிந்துபோகும் என்கிறான். ஆகவே ஏசாவை முன்னே போகச் சொல்லி, தான் மந்தையின் நடைக்கும் பிள்ளைகளின் நடைக்கும் ஏற்றபடி மெள்ள வருவதாகச் சொல்கிறான். தன் நடையை அவன் மாற்றிக்கொள்ளவில்லை. ஏசாவின் நடையையும் தடுக்கவில்லை. அந்த நால்வரும் அன்று இதைச் செய்திருந்தால், மாலை வரையிலும் பந்து தேடியிருக்கலாம், யார் கேட்டிருப்பார்கள்?

(யாக்கோபு சொன்னபடி சேயீருக்குப் போகவில்லை, சுக்கோத்துக்குப் போய்விட்டான் என்பதை இறையியல் கல்லூரியில் எங்கள் ஆசிரியர் மறவாமல் சுட்டிக்காட்டுவார். போகட்டும். சொல்லைக் காக்காதவனிடத்திலும் நல்ல சொல்லைக் கற்கலாம்.)

இதைவிடக் கடினமான இடம் மாற்கு 5. சாகுந்தறுவாயில் கிடக்கும் மகளுக்காக யவீரு இயேசுவை அழைத்துப் போகிறான். வழியெங்கும் நெருக்கம். நடுவே, பன்னிரண்டு ஆண்டுகளாய்ப் பெரும்பாடுள்ள ஸ்திரீ அவர் வஸ்திரத்தைத் தொட, இயேசு நின்றுவிடுகிறார். அந்தத் தாமதத்திற்குள் மகள் இறந்த செய்தி வந்து சேர்கிறது. அப்படியானால் வழியை மறித்தவர் நம் ஆண்டவரா? நெடுநாள் இந்தப் பகுதியைப் பிரசங்கிக்க அஞ்சியிருக்கிறேன். ஆனால் அங்கே நடப்பதைக் கவனியுங்கள். அவர் கூட்டத்துக்குள்ளே திரும்பிப் பார்க்கிறார். தமக்குப் பின்னால், யாரும் காணாத இடத்தில் இருந்தவளுக்காக நிற்கிறார். செய்தி வந்தவுடனே தகப்பனிடம் திரும்பி, பயப்படாதே என்கிறார். நிற்கும்போதும் நடக்கும்போதும் தம் தாமதத்தால் யார் காத்திருக்கிறார்கள் என்பதை அவர் அறிந்தே இருந்தார். அங்கே யவீருவுக்குப் பொறுமையைப் பற்றிப் பிரசங்கம் செய்யப்படவில்லை. அவனுடைய வீட்டுக்கே நடந்து போனார்.

நம் அருகிலேயே ஒரு காட்சி உண்டு. தைப்பூசத்தின்போது பழனிக்கு நடந்து போகிறவர்களைத் திண்டுக்கல் சாலையில் நீங்கள் எல்லாரும் பார்த்திருப்பீர்கள். குழந்தைகளோடும் முதியோரோடும் எவ்வளவு மெல்ல நடக்கிறார்கள்! ஆயினும் சாலையின் ஓரத்தையே பிடித்து, வரிசையாக நடக்கிறார்கள். ஞாயிறு ஆராதனை முடிந்தபின் வாசலை அடைத்துக்கொண்டு அரைமணி நேரம் பேசி நிற்கும் நாம், அவர்களிடம் கற்க வேண்டியது உண்டு.

இனி வீட்டுக்குள் வருகிறேன். தென்னிந்தியத் திருச்சபை 1947-இல் உருவாயிற்று. அதில் ஒரு பெண் முதன்முறையாகப் பேராயராக அருட்பொழிவு பெற்றது 2013-இல். அறுபத்தாறு ஆண்டுகள். அத்தனை காலமும் நம் சகோதரிகளிடம் என்ன சொன்னோம்? பொறுத்திருங்கள் என்றோம். அவர்கள் பொறுத்திருந்ததை இன்று மேடையில் புகழ்கிறோம். முன்னால் நின்று பந்து தேடிக்கொண்டிருந்தவர்கள் யார் என்று எவரும் கேட்பதில்லை. சபைச் சங்கங்களில், கமிட்டிகளில், பாடகர் குழுக்களில் இருபது ஆண்டுகளாக ஒரே பொறுப்பைப் பிடித்திருக்கும் பெரியோர்களே, உங்கள் உழைப்பை நான் மறுக்கவில்லை. உங்களுக்கு முன்னால் இரண்டு குழிகள் காலியாகக் கிடக்கின்றன. பின்னால் முப்பது வயதுக்காரர்கள் நிற்கிறார்கள். சிலர் நின்று நின்று வேறு சபைக்குப் போய்விட்டார்கள். அவர்களுக்கு ஆவிக்குரிய ஆழம் இல்லை என்று சொல்லித் தேற்றிக்கொண்டோம்.

அன்று மைதானத்தில் எனக்கு மிகவும் வருத்தம் தந்தவன் அந்த நால்வரின் பைகளைச் சுமந்து நடந்த உள்ளூர்ப் பையன். அவன் மட்டும் அடிக்கடி திரும்பி எங்களைப் பார்த்தான். விதி அவனுக்குத் தெரியும். ஆனால் மாலையில் கூலி கொடுக்கப் போகிறவர்களிடம் அவன் எப்படிச் சொல்வான்? நம் சபைகளிலும் அப்படிப்பட்டவர்கள் உண்டு: சங்கீத ஆசிரியர், கோயில் ஊழியர், உபதேசியார். எல்லாவற்றையும் பார்க்கிறார்கள், வாய் திறக்க முடியாதவர்களாய் இருக்கிறார்கள்.

என்னையும் விட்டுவிட வேண்டாம். எனக்கு வயது ஐம்பத்தாறு. என் பிரசங்கம் நாற்பத்தைந்து நிமிடம் ஓடுகிறது. வாலிபர் ஞாயிறு ஒன்றைத் தவிர, இந்த ஐந்து ஆண்டுகளில் பிரசங்க பீடத்தை இளையோர் எவருக்கும் நான் கொடுத்ததில்லை. "அவர்கள் இன்னும் முதிர வேண்டும்" என்று சொல்லி வந்தேன். சென்ற வாரம் நம் வாலிபர் சங்கச் செயலாளரிடம் இதைச் சொல்லி வருந்தினேன். அந்தத் தங்கை சற்று யோசித்துவிட்டு, "அப்போ ஐயா, எந்த ஞாயிறு?" என்று கேட்டாள்.

அடுத்த மாதம் முதல் இரண்டாம் ஞாயிறு மாலை ஆராதனை முழுவதையும் வாலிபர் சங்கத்தார் நடத்துவார்கள். பிரசங்கமும் அவர்களுடையதே. நான் கடைசி வரிசையில், ஜன்னல் ஓரமாக அமர்ந்திருப்பேன்.