ஒரு நாள் காலியாக இருக்கட்டும்

1872ஆம் ஆண்டு பிப்ரவரி 8. அந்தமான் கைதிக் குடியேற்றத்தைப் பார்வையிட வைஸ்ராய் மேயோ பிரபு வந்திருந்தார். பர்மா பயணத்தை முடித்துக்கொண்டு 'கிளாஸ்கோ' என்ற போர்க்கப்பலில் வந்தவருக்கு அன்று முழுவதும் அலைச்சல். ராஸ் தீவு, வைப்பர் தீவு என்று பட்டியலில் இருந்த இடங்கள் எல்லாம் முடிந்துவிட்டன. ஆனால் வெளிச்சம் இன்னும் ஒரு மணி நேரம் மிச்சம் இருந்தது. எதிர்க்கரையில் மவுண்ட் ஹாரியட் தெரிந்தது. நாளைக்குப் போகலாமே என்று உடன் இருந்தவர்கள் சொல்லிப் பார்த்தார்கள். வைஸ்ராய் கேட்கவில்லை. மலை ஏறினார். சூரியன் கடலில் மறைவதை ரசித்தார். இருட்டிய பிறகு தீப்பந்த வெளிச்சத்தில் இறங்கி ஹோப் டவுன் படகுத்துறைக்கு வந்தார். படகில் ஏறப்போன நேரத்தில் ஷேர் அலி என்ற ஆயுள் கைதி பாய்ந்து அவரைக் கத்தியால் குத்தினார். பதவியில் இருக்கும்போதே கொலையுண்ட ஒரே வைஸ்ராய் மேயோதான். அடுத்த மாதமே ஷேர் அலி வைப்பர் தீவில் தூக்கிலிடப்பட்டார்.

அந்தப் படகுத்துறை இருந்த பானிகாட், இன்றைய பாம்பூஃப்ளாட்டை ஒட்டியிருக்கிறது. அந்தமானுக்கு டூர் போகிறவர்கள் ஷேர் அலிக்குப் பயப்பட வேண்டியதில்லை. ஆனால் மேயோவுக்கு வந்த ஆசை எல்லோருக்கும் வருகிறது. வெளிச்சம் இருக்கிறதே, இன்னும் ஓர் இடம் பார்த்துவிடலாமே!

மதுரையில் ஒரு மத்திய அரசு ஊழியர், எல்.டி.சி. சலுகையில் குடும்பத்தோடு அந்தமான் போகத் திட்டமிடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஆறு இரவு, ஏழு பகல். சாப்பாட்டு மேஜையில் வரைபடத்தை விரித்து, நோட்டுப் புத்தகத்தில் கோடு போட்டு எழுதுகிறார். முதல் நாள் செல்லுலார் சிறை. இரண்டாம் நாள் ராஸ் தீவும் நார்த் பேயும். மூன்றாம் நாள் ஹாவ்லாக். நான்காம் நாள் நீல் தீவு. ஐந்தாம் நாள் மாலைப் படகில் போர்ட் பிளேர். ஆறாம் நாள் விடியற்காலை 3 மணிக்குக் கிளம்பி பாராடாங் சுண்ணாம்புக் குகை. ஏழாம் நாள் காலை மவுண்ட் ஹாரியட், மத்தியானம் விமானம். காகிதத்தில் ஒரு குறையும் தெரியாது. ஏஜென்ட்டுகள் விற்கும் பேக்கேஜும் ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும்.

இப்படிக் கோர்த்த பட்டியல் இத்தாலியில் செல்லுபடியாகும். ரோமிலிருந்து ஃபுளோரன்ஸுக்கு வேக ரயிலில் ஒன்றரை மணி நேரம். அங்கிருந்து வெனிஸுக்கு ஏறக்குறைய இரண்டு மணி நேரம். ஒரு ரயிலைத் தவறவிட்டால் சற்று நேரத்தில் அடுத்தது வரும். தண்டவாளம் மழைக்கும் காற்றுக்கும் அவ்வளவு சுலபத்தில் மசியாது. தீவுகளில் தண்டவாளம் கிடையாது. ஓர் ஊருக்கும் அடுத்த ஊருக்கும் நடுவில் இருப்பது கடல். அது எந்த அட்டவணையிலும் கையெழுத்துப் போட்டதில்லை.

கடலைப் பற்றிய முதல் பாடத்தைப் பாம்பூஃப்ளாட்டிலேயே கற்றுக்கொள்ளலாம். வரைபடத்தில் அந்த ஊர் போர்ட் பிளேருக்கு எதிரே, கைநீட்டினால் தொடும் தூரத்தில் இருக்கிறது. 1883இல் தொடங்கிய மர அறுவை ஆலை இருக்கும் சாத்தமிலிருந்து ஃபெர்ரியில் ஏறினால் கால் மணி நேரத்தில் அக்கரை. அதே ஊருக்குச் சாலை வழியாகப் போக வேண்டுமென்றால் விரிகுடாவைச் சுற்றிக்கொண்டு ஐம்பது கிலோமீட்டருக்குக் கிட்ட ஓட வேண்டும். படகு இருந்தால் பக்கத்து வீடு, இல்லாவிட்டால் வெளியூர். பாம்பூஃப்ளாட்டிலிருந்து ஆபீஸுக்கும் கல்லூரிக்கும் ஆஸ்பத்திரிக்கும் போகிறவர்கள் தூரத்தைக் கிலோமீட்டரில் கணக்கிடுவதில்லை. கடைசிப் படகு எத்தனை மணிக்கு என்பதுதான் அவர்கள் கணக்கு.

இரண்டாவது பாடம் சூரியன். அந்தமானுக்கும் இந்திய நேரம்தான். ஆனால் தீவுகள் கிழக்கே வெகு தொலைவில் இருப்பதால், மதுரையைவிட ஏறக்குறைய ஒரு மணி நேரம் முன்னதாகவே அங்கே பொழுது சாய்ந்துவிடும். டிசம்பரில் 5 மணியைத் தாண்டிக் கொஞ்ச நேரத்துக்கெல்லாம் இருட்டு. சாயங்காலம் 6 மணிக்குக் கடற்கரை என்று நோட்டில் எழுதியிருந்தால் அலைச் சத்தம் மட்டும்தான் மிஞ்சும். விடியல் சீக்கிரம் வருவதால், அங்கே நாளை முன்னால் தள்ளிப் போட வேண்டும்.

மூன்றாவது பாடம் காற்று. 2016 டிசம்பர் முதல் வாரத்தில் ஹாவ்லாக்கிலும் நீல் தீவிலும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட சுற்றுலாப் பயணிகள் சிக்கிக்கொண்டார்கள். வங்கக் கடலில் காற்றழுத்தத் தாழ்வு மண்டலம். படகுகள் நிறுத்தப்பட்டன. கடைசியில் கடற்படைக் கப்பல்கள் போய் அவர்களைக் கூட்டி வர வேண்டியிருந்தது. அந்தத் தாழ்வு மண்டலம்தான் 'வார்தா' புயலாக வளர்ந்து டிசம்பர் 12இல் சென்னையைத் தாக்கியது. அன்றைக்குச் சென்னை விமான நிலையமும் மூடப்பட்டது. ஒரே காற்று, புறப்படும் ஊரையும் போய்ச் சேரும் ஊரையும் அடுத்தடுத்துப் பூட்டிவிட்டது. தீவிலிருந்து திரும்பிய மறுநாளே விமானம் என்று திட்டம் போடுகிறவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. டிசம்பர் 'சீசன்' மாதம் என்பது ஓட்டல்காரர்களுக்குத் தெரியும், கடலுக்குத் தெரியாது.

அவசரத்துக்கு இதைவிடப் பெரிய விலையும் உண்டு. 2014 ஜனவரி 26 அன்று போர்ட் பிளேர் அருகே ஒரு சுற்றுலாப் படகு கவிழ்ந்து 20க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். இறந்தவர்களில் பலர் காஞ்சிபுரத்திலிருந்து போனவர்கள். அனுமதித்த எண்ணிக்கையைவிட அதிகம் பேர் அந்தப் படகில் இருந்தார்கள். படகுக்காரர் மீதும் அதிகாரிகள் மீதும் எழும் கேள்விகள் ஒரு பக்கம் இருக்கட்டும். பயணிக்கும் ஒரு பாதுகாப்பு இருக்கிறது. கூட்டம் நிறைந்த படகில் ஏற மாட்டேன், லைஃப் ஜாக்கெட் இல்லாமல் உட்கார மாட்டேன், அடுத்த படகில் வருகிறேன் என்று சொல்லும் உரிமை. 'இன்று விட்டால் வேறு நாள் இல்லை' என்று திட்டம் போட்டு வந்தவரால் அந்த உரிமையைப் பயன்படுத்த முடியாது. திட்டத்தில் இடம் இருந்தால்தான் வாயில் அந்த வார்த்தை வரும்.

இடத்தை எங்கே தேடுவது? ஆறாம் நாள் பாராடாங்கில்தான்.

பாராடாங் போகும் சாலை ஜாரவா பழங்குடியினரின் காப்புக் காட்டை ஊடுருவிச் செல்கிறது. சில நூறு பேர்தான் அவர்கள். வெளியாரோடு பகை விட்டு அவர்கள் நெருங்கி வரத் தொடங்கியதே 1990களின் கடைசியில்தான். காட்டை ஊடுருவும் பகுதியில் அந்தச் சாலையை மூடச் சொல்லி 2002இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. சாலை மூடப்படவில்லை. சுற்றுலாப் பயணிகளுக்காக ஜாரவா பெண்களை ஆட வைக்கும் வீடியோ 2012இல் வெளியாகி உலகமே முகம் சுளித்தது. 2013இல் சுற்றுலா வண்டிகளுக்கு உச்ச நீதிமன்றம் சில வாரங்கள் தடை விதித்து, பிறகு விலக்கிக்கொண்டது. ஜிர்காடாங் சோதனைச் சாவடியில் வண்டிகளை வரிசையாக நிறுத்தி, குறிப்பிட்ட நேரங்களில், போலீஸ் காவலோடு அனுப்புகிறார்கள். வழியில் நிற்கக் கூடாது, படம் எடுக்கக் கூடாது, எதையும் கொடுக்கக் கூடாது. விதிகள் சரிதான். ஆனால் அந்த வரிசையில் காத்திருக்கும் எத்தனை பேருக்குக் குகைதான் முக்கியம் என்பதை அவரவர் மனசாட்சியைத்தான் கேட்க வேண்டும். சுண்ணாம்புக் குகைதான் பார்க்க வேண்டுமென்றால் விசாகப்பட்டினத்துக்குப் பக்கத்தில் போரா குகை இருக்கிறது. யார் வீட்டு முற்றத்தையும் மிதிக்காமல் போய் வரலாம்.

ஆகவே நோட்டில் பாராடாங்கை அடித்துவிடலாம். அந்த நாள் தானாகவே காலியாகிறது. இனி மற்றவற்றை வரிசைப்படுத்துவது சுலபம். தூரத் தீவுகள் முதலில், போர்ட் பிளேர் கடைசியில். வந்து இறங்கும் நாள் செல்லுலார் சிறை. அதற்கு அரை நாள் போதும், மனம் ஆறத்தான் நேரம் பிடிக்கும். மறுநாள் காலையே ஹாவ்லாக், அங்கே இரண்டு இரவு. பிறகு நீல் தீவில் ஓர் இரவு. ஐந்தாம் நாள் காலைப் படகில் திரும்பி, நேரமும் தெம்பும் இருந்தால் ராஸ் தீவு. ஆறாம் நாள் எதுவும் இல்லை. ஏழாம் நாள் விமானம். கடல் ஒரு நாள் கதவைச் சாத்தினாலும் விமானம் தப்பாது.

டிக்கெட் எடுக்கும்போது இன்னொரு எச்சரிக்கை. தீவுகளுக்கு இப்போது இரண்டிரண்டு பெயர்கள். 2018 டிசம்பரில் ராஸ், நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் த்வீப் ஆனது. ஹாவ்லாக், ஸ்வராஜ் த்வீப் ஆனது. நீல், ஷஹீத் த்வீப் ஆனது. 2021இல் மவுண்ட் ஹாரியட் மவுண்ட் மணிப்பூர் ஆனது. 1891 போருக்குப் பிறகு நாடு கடத்தப்பட்ட மணிப்பூர் வீரர்களின் நினைவு அது. 2024 செப்டம்பரில் போர்ட் பிளேரே ஸ்ரீ விஜயபுரம் ஆகிவிட்டது. சீட்டில் ஒரு பெயர், ஆட்டோக்காரர் வாயில் ஒரு பெயர். நோட்டில் இரண்டையும் எழுதிவைத்துக்கொண்டால் படகுத்துறையில் முழிக்க வேண்டாம்.

அரசுப் படகுகளில் தீவுவாசிகளுக்குத் தனிக் கட்டணம். அதைப் பார்த்து முணுமுணுக்கும் பயணிகள் உண்டு. ஆனால் அந்தப் படகு நமக்கு உல்லாசம், அவர்களுக்கு டவுன் பஸ். பரீட்சைக்குப் போகிற பிள்ளையும் டாக்டரைப் பார்க்கப் போகிற கர்ப்பிணியும் அதில்தான் ஏற வேண்டும்.

சரி, காலியாக விட்ட ஆறாம் நாள்? காற்றடித்தால் அது கடலுக்குக் கொடுத்த நாள். அடிக்காவிட்டால் சாத்தமில் ஃபெர்ரி ஏறி பாம்பூஃப்ளாட் போகலாம். மோட்டார் சைக்கிள்கள், காய்கறி மூட்டைகள், பள்ளிப் பைகள் எல்லாம் கூடவே வரும். தமிழ், மலையாளம், வங்காளம், இந்தி எல்லாம் ஒரே பெஞ்சில் கேட்கும். 1921 மலபார் கலகத்துக்குப் பிறகு நாடு கடத்தப்பட்ட மாப்பிள்ளைமாரின் வாரிசுகள் இந்தப் பக்கத்து ஊர்களில் இருக்கிறார்கள். கள்ளிக்கோட்டை, திரூர், மண்ணார்க்காடு என்று விட்டுவந்த ஊர்ப் பெயர்களையே இங்கேயும் வைத்துக்கொண்டார்கள். திரும்பிப் போகும் தேதியே எழுதப்படாத பயணம் அவர்களுடையது.

அங்கிருந்து ஜீப்பிலோ ஆட்டோவிலோ மவுண்ட் ஹாரியட். சுமார் ஆயிரத்து இருநூறு அடி உயரம். வெள்ளைக்கார அதிகாரிகளின் கோடைக்கால இருப்பிடமாக இருந்தது. பெயர் கொடுத்த ஹாரியட், 1860களில் இங்கே கண்காணிப்பாளராக இருந்த டைட்லரின் மனைவி. காட்டுப் பாதையில் காலாபத்தர் வரை நடக்கலாம். அதிர்ஷ்டம் இருந்தால் அந்தமான் காட்டுப் புறா கண்ணில் படும். பழைய சிவப்பு நிற 20 ரூபாய் நோட்டு கையில் இருந்தால் எடுத்துப் பாருங்கள். பின்பக்கத்தில் இருப்பது இந்த மலையும் கலங்கரை விளக்கமும்தான்.

2024இல் வெனிஸ் நகரம், நெரிசலான சில நாட்களில் காலையில் வந்து மாலையில் ஓடிவிடும் பயணிகளிடம் ஐந்து யூரோ நுழைவுக் கட்டணம் வாங்கத் தொடங்கியது. அவசரத்துக்கு வைத்த விலை என்று அதைச் சொல்லலாம். அந்தமானில் அப்படிக் கட்டணம் கிடையாது. அங்கே கடல் வேறு விதமாக வசூலித்துவிடும்.

மலையில் நேரம் போவது தெரியாது. ஆனால் மேயோ பிரபு செய்ததைச் செய்ய வேண்டாம். வெளிச்சம் இருக்கும்போதே இறங்கிவிடுங்கள். கடைசி ஃபெர்ரிக்கு முந்தின ஃபெர்ரியைப் பிடியுங்கள்.