நற்கூலி சரி, கூலி எங்கே?

கொரோனாக் காலத்தில் உழைத்த மருத்துவப் பணியாளரைப் பற்றிப் பேச்செடுத்தால், "அல்லாஹ் அவர்களுக்கு நற்கூலி தருவான்" என்று கூறி நம்மவர் முடித்துவிடுகின்றனர். தருவான், அதில் நமக்கு ஐயமில்லை. ஆனால் அரபியில் 'அஜ்ர்' என்னும் சொல் மறுமையின் நற்கூலியை மட்டுமன்றி இம்மையின் சம்பளத்தையும் குறிக்கும். ஃபிக்ஹு நூல்களில் நாம் ஓதும் 'உஜ்ரத்' அதே வேரில் பிறந்தது. ஒரு பொருளைப் படைத்தவனிடம் ஒப்படைத்துவிட்டு மற்றதை மறப்பது மிக வசதியான மறதி!

பீளமேட்டை அடுத்த சிங்காநல்லூர் ஈ.எஸ்.ஐ. மருத்துவமனை 2020இல் கொரோனா மருத்துவமனையாயிற்று. 2021 மே 30 அன்று முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் கவச உடையணிந்து அங்கே நோயாளிகளைக் கண்டார். பாராட்டுக்குரிய செயலே. அவர் ஒருநாள் அணிந்த உடையைச் செவிலியரும் துப்புரவுப் பணியாளரும் நாள்தோறும் அணிந்தனர்.

அத்தகைய பணியாளருள் நோய் தொற்றிப் பிழைத்தும் நலம் பெறாதோர் உலகெங்கும் உள்ளனர். படியேறினால் மூச்சிரைப்பு, தீராத அயர்ச்சி, நினைவுத் தடுமாற்றம். உலக சுகாதார நிறுவனம் 2021 அக்டோபரில் இந்நீடித்த கோவிட் நோய்க்கு இலக்கணமே வகுத்துவிட்டது.

நாம் செய்தது என்ன? 2020 மார்ச் 22இல் கைதட்டினோம். மே 3இல் வானிலிருந்து மலர் தூவினோம். மத்திய அரசு 50 லட்சம் ரூபாய்க் காப்பீடு அறிவித்தது, இறந்தால் மட்டும்! பிழைத்து முடங்கியவருக்கு அதில் ஒரு காசில்லை. ஜனாஸாவுக்குத் தோள் கொடுப்போம், நோயாளியை எட்டிப் பாரோம் என்பது எந்த ஊர் நியாயம்?

ஊரெங்கும் பரவிய நோய் பணியிடத்தில்தான் தொற்றியது என்பதற்குச் சான்று என்ன என்பார் உண்டு. சட்டம் அவர்களுக்கு முன்பே விடை கூறிவிட்டது. 1948ஆம் ஆண்டின் ஈ.எஸ்.ஐ. சட்டம், மருத்துவப் பணியில் தொற்றும் நோயைத் தொழில்சார் நோயாகத் தன் மூன்றாம் அட்டவணையில் ஏற்றது. மாறாக மெய்ப்பிக்கப்படும்வரை அது பணிக்காயமே. 2025 நவம்பர் 21இல் நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் அவ்வட்டவணை உண்டு. வேறுபாட்டைக் கவனியுங்கள்: ஈ.எஸ்.ஐ. விதிகளில் சாதாரண நோய் என்றால் ஆண்டுக்கு 91 நாள்கள், 70 விழுக்காடு ஊதியம்; பணிக்காயம் என்றால் தற்காலிக இயலாமை நீடிக்கும்வரை 90 விழுக்காடு. எந்தப் படிவத்தில் எழுதுகிறார்கள் என்பதில் ஒரு குடும்பத்தின் அடுப்பு எரிவதும் அணைவதும் இருக்கிறது.

பெருந்தொற்றின்போது மாதம் 21,000 ரூபாய்க்கு மேல் பெற்றோர் அவ்வேலிக்கு வெளியே நின்றனர். ஒப்பந்தப் பணியாளர் நிலையோ இன்னும் கேடு. தமிழக அரசு 2020இல் அமர்த்திய செவிலியருள் ஏறத்தாழ 2,400 பேரின் ஒப்பந்தம் 2022 டிசம்பர் 31உடன் நீட்டிக்கப்படாது முடிந்தது. மாற்றுப் பணி தருவதாகப் பின்னர் கூறப்பட்டது. இடையில் நோயுற்றிருந்தவர் எவரிடம் விடுப்புக் கேட்பது?

ஜகாத்திலிருந்து உதவலாமே என்றார் நண்பரொருவர். தேவையுள்ளோர்க்கு உதவட்டும். ஆனால் முதலாளி தர வேண்டியதை ஜகாத்தால் ஈடுகட்டுவது முதலாளிக்குச் செய்யும் தர்மமன்றோ?

நம் பெண்மக்கள் பலர் இன்று செவிலியர் பயிற்சி பெறுகின்றனர். பணியாணை கைக்கு வந்ததும் சம்பளத் தொகையை மட்டும் பார்க்காதீர்கள். ஈ.எஸ்.ஐ. எண் உண்டா, பணியில் நோய் தொற்றினால் ஊதியம் யார் தருவது, எத்தனை மாதம் தருவது என்று எழுத்தில் கேளுங்கள். நம் சமுதாயத்தார் நடத்தும் மருத்துவமனைகளில் முதலில் கேளுங்கள்.