ஸ்டியரிங் போனால் சம்பளமும் போகணுமா?

இருபது வருஷம் பஸ் ஓட்டிய டிரைவர். விபத்தில் கால் போய்விட்டது. அல்லது சர்க்கரை வியாதி கண் பார்வையைப் பறித்துவிட்டது. "இனி வண்டி ஓட்ட லாயக்கில்லை" என்று மெடிக்கல் போர்டு எழுதிவிடுகிறது.

அது சரியே! பார்வை போனவரிடம் பஸ் நிறைய ஜனங்களின் உயிரை ஒப்படைக்க முடியாது. ஸ்டியரிங்கை விட்டு அவரை இறக்கத்தான் வேண்டும். ஆனால் சம்பளத்தை விட்டும் ஏன் இறக்க வேண்டும்?

"ஹெல்பர் வேலை தர்றோம். சம்பளம் கம்மிதான். சம்மதம்னு எழுதிக் கொடுங்க. இல்லேன்னா வீட்டுக்குப் போங்க!" இப்படிப் பேரம் பேசப்பட்டு, கோர்ட்டுப் படி ஏறியவர்கள் எத்தனையோ பேர். வீட்டில் கல்யாணத்துக்கு மகள் நிற்கிறாள்; கடன்காரன் வாசலில் நிற்கிறான். கையெழுத்துப் போடாமல் என்ன செய்வார்? நேற்று வரை "டிரைவர் அண்ணே" என்று கூப்பிட்டவர்கள், மறுநாள் "டீ வாங்கிட்டு வாப்பா" என்கிறார்கள்.

தப்பு செய்த அரசு ஊழியரைப் பதவி இறக்குவதானாலும், குற்றச்சாட்டைச் சொல்லி, விசாரணை வைத்து, அவர் பதிலைக் கேட்க வேண்டும் என்கிறது அரசியல் சட்டத்தின் 311-வது பிரிவு. அதற்கு விதிவிலக்கு மிகச் சிலவே. தப்பே செய்யாமல் நோயில் விழுந்தவருக்கு மட்டும் ஒரே தாளில் தண்டனையா?

இதைத் தடுக்க 1995-ம் ஆண்டே சட்டம் வந்துவிட்டது. பணியில் இருக்கும்போது காலை இழந்து, வேலையும் போன ஒரு காவலரின் வழக்கில், 2003-ல் சுப்ரீம் கோர்ட்டு அந்தப் பாதுகாப்பை உறுதி செய்தது. இப்போதுள்ள மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-ல் நிறைவேறியது. அதன் 20-வது பிரிவு தெளிவாகச் சொல்கிறது: பணிக்காலத்தில் ஊனம் அடைந்தவரை வேலையை விட்டு நீக்கவும் கூடாது, பதவி இறக்கவும் கூடாது. பழைய வேலை செய்ய முடியாவிட்டால், அதே சம்பள விகிதத்தில், அதே சலுகைகளுடன் வேறு வேலை தர வேண்டும். அப்படி ஒரு வேலை காலி இல்லையா? கிடைக்கும் வரையோ, ஓய்வு பெறும் வரையோ கூடுதல் பணியிடத்தில் வைத்திருக்கவும் வழி சொல்கிறது.

அரசு இலாகாக்களுக்கு மட்டுமல்ல, அரசுக்குச் சொந்தமான கம்பெனிகளுக்கும் இது பொருந்தும்.

இந்த விவரம் தெரியாமல்தான் தொழிலாளி கையெழுத்துப் போடுகிறார். ஒவ்வொரு அரசு நிறுவனத்திலும் இதற்கென்று குறைதீர்க்கும் அதிகாரி இருக்க வேண்டும். புகாரைப் பதிவு செய்து, இரண்டு வாரத்துக்குள் விசாரிக்க வேண்டும். அதிலும் திருப்தி இல்லையென்றால் மாவட்டக் கமிட்டியிடம் போகலாம்.

அந்த அதிகாரியின் பெயரையும், 20-வது பிரிவையும் ஒவ்வொரு டெப்போ நோட்டீஸ் போர்டிலும் தமிழில் எழுதிப் போட வேண்டும். மெடிக்கல் போர்டு முடிவு வந்த அன்றே மாற்று வேலைக்கான உத்தரவும், பழைய சம்பளம் குறையாது என்ற உறுதியும் எழுத்தில் தர வேண்டும். சம்மதக் கடிதம் வாங்கும் வழக்கத்தை அதிகாரிகள் இன்றோடு நிறுத்தட்டும்!